நிற்கும் தூரம்

முதல் நாள் நாற்காலியைத் தூக்கிச் சுவரோரம் போட்டார்.
முதுகுக்குச் சுவர், கண்ணுக்குக் கதவு.
சன்னலுக்கு வெளியே கயானி ரயில் நிலையம்.
திரையை இழுக்க எழுந்தேன்.
"வேண்டாம், அது அங்கே இருக்கட்டும்.
நான் இங்கே இருக்கிறேன்."

பையை நாற்காலிக்கடியில் தள்ளினார்.
கண்ணாடி தரையைத் தொடும் சத்தம்
எங்கள் இருவருக்குமே கேட்டது.

என்னிடம் ஒரு படிவம்.
வாரத்தில் எத்தனை நாள், நாளுக்கு எத்தனை கோப்பை,
மொத்தம் இருபத்தேழு கேள்வி.
மூன்றாவதில் தௌனோ ஹெய்ஸ்கனென்
பேனாவை மூடிவிட்டார்.
"எண்ணிப் பார்க்கத்தான் கூப்பிட்டீர்களா?"

தாளைத் திருப்பிப் போட்டேன்.
வெறும் பக்கத்தில் நீளமாக ஒரு கோடு கிழித்தார்,
கோட்டின் மேல் ஒரு புள்ளி.
அன்றைக்கு அவ்வளவுதான்.

'இலக்கு' என்ற கட்டம் ஏன் காலி என்று
மேலாளர் இர்மெலி கேட்டாள்.
அவர் இன்னும் சொல்லவில்லை என்றேன்.
"நோயாளி ஒத்துழைக்கவில்லை என்று எழுது."
எழுதவில்லை.
எனக்குத் தெரியாது என்று சொல்லப் பழகுவதற்கு
ஆறு வருடம் படித்திருக்கிறேன், சும்மாவா?

நவம்பரில், மணி மூன்றுக்கே இருட்டிய ஒரு செவ்வாய்,
கோட்டைப் பற்றிப் பேசினார்.
மரக்கட்டை ஏற்றிய சரக்கு வண்டி.
பிரேக் போட்ட இடத்திலிருந்து
எண்ணூறு மீட்டர் ஓடித்தான் நிற்கும்.
பையன் நின்றது இருநூறில்.
"கையைத் தூக்கினான். சிவப்புக் கையுறை.
நிறுத்து என்றானா, போய்வருகிறேன் என்றானா, தெரியாது."
பிறகு,
"மீதி அறுநூறு மீட்டரும் நான்தான் உட்கார்ந்திருந்தேன்."

உங்கள் தப்பில்லை என்ற வாக்கியம்
என் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது.
போலீஸ் சொல்லியாயிற்று, சங்கம் சொல்லியாயிற்று,
அக்கா வாராவாரம் போனில் சொல்கிறாள்.
விழுங்கினேன்.
"அறுநூறு" என்றேன்.
"அறுநூறு" என்றார்.
ரேடியேட்டர் டொக்கென்று ஒரு தடவை தட்டி அடங்கியது.

பிப்ரவரியில் மூன்று வாரம் ஆளில்லை.
அவருடைய நேரத்தில் விளக்கைப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.
வேறு யாரோ நகர்த்திய நாற்காலியைச்
சுவரோரம் திருப்பி வைத்தேன்.
அது அவருக்காகவா எனக்காகவா என்று
இன்றுவரை நிச்சயமில்லை.

நாலாவது வாரம் வந்தார்,
அவருக்கு முன்னால் வாடை வந்தது.
"வெளியே போகச் சொல்வீர்கள்தானே?"
அப்படி நினைத்துத்தான் வந்தீர்களா என்றேன்.
"ஆமாம்."
சொன்னால்?
யோசித்தார். பூட்ஸில் ஒட்டிய பனி
உருகித் தரையில் ஓடிக்கொண்டிருந்தது.
"சொன்னால் சௌகரியம்" என்று சொல்லிச் சிரித்துவிட்டார்.
அவருக்குக் கடைவாய்ப் பல் ஒன்று இல்லை என்பதை
அன்றுதான் பார்த்தேன்.
அதற்குப் பின் அழுதார், அதிக நேரம் இல்லை,
மூக்கைத் தொப்பியால் துடைத்துக்கொண்டார்.
காகிதக் கைக்குட்டைப் பெட்டியை நான் நகர்த்தவில்லை.
கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

ஏப்ரலில் நாற்காலி இடம் மாறியது.
சன்னலுக்கு அல்ல, ரேடியேட்டர் பக்கம்.
"குளிர்" என்றார்.
நான் அதற்கு உரை எழுதவில்லை.

போன வாரம் கோப்பைக் கேட்டு வாங்கி
காலிக் கட்டத்தில் தன் கையாலேயே எழுதினார்:
செவ்வாய் மதியம் வரை தொடாமல் வருவது.
சாயங்காலத்தைப் பற்றி இப்போது பேச்சில்லை.
கீழே தேதி, கையெழுத்து,
ஓட்டுநர் பதிவேட்டில் போடுவதுபோல.
பை இன்னும் நாற்காலிக்கடியில்தான்.
கேட்கவில்லை. போகும்போது எடுத்துக்கொண்டு போகிறார்.

நாலு பத்து வண்டி உள்ளே வந்தது.
மேசைமேல் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் அதிர்ந்தது.
தலையைத் திருப்பாமலே கேட்டுக்கொண்டிருந்தார்,
உதடு எதையோ எண்ணியது.

"பயணிகள் வண்டி" என்றார்.
"இது சீக்கிரம் நின்றுவிடும்."