கரைந்தது

முகத்துவாரத்து ஐஸ் ஆலையில்
கணக்கு எழுதுவது நான்.
விற்ற பாளம் இத்தனை.
உடைந்தது இத்தனை.
கரைந்தது,
ஓம், அதற்கும் ஒரு நிரல் உண்டு.

விடிய நாலரைக்கு மெரிற்றா அக்காவின் குரல்.
நோர்வேயின் வடக்கு முனை, அங்கே நடுச்சாமம்,
மீன் ஆலையால் வந்து சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை.
"பனி சன்னல் மட்டத்துக்கு வந்திட்டுது.
கதவைத் திறக்க இவர்
ஒரு மணித்தியாலம் சவளோடு நிண்டவர்.
துருவம் உருகுது எண்டு வீடியோ அனுப்பினது நீதானே?
உருகினால் இது எங்கயிருந்தடி கொட்டுது?"

பெட்டியின் மூடியைத் தூக்கினேன்.
வெண்புகை வழிந்து காலடியில் ஊர்ந்தது.
மூக்குக்கண்ணாடி குருடானது.
ஐஸ் மூச்சு விடுகிறது என்பான்
லொறிக்கார ஜயந்த.
ஐஸுக்கு ஏது மூச்சு?
அது எங்கள் காற்று:
களனி கங்கையின் வாய், நேற்றைய மழை,
அவனுடைய பிளேன்ரீயின் ஆவி,
சுமைகாரரின் முதுகு.
குளிரைத் தொட்ட இடத்தில்
முகம் காட்டுகிறது.

அங்கே தலைகீழ், அக்கா.
இங்கே மூடிக்குள் ஐஸ்.
அங்கே ஐஸே மூடி.
அதன் கீழே கடல்,
மேலே வீசும் காற்றைவிடச் சூடாக,
மாரி முழுக்க வாய்பொத்திக் கிடந்தது.
இப்போது மூடி சிறுத்துப்போச்சு.
நவம்பரிலும் கறுத்த தண்ணீர்
வானத்தைப் பார்த்தபடி.
திறந்த கடல் சும்மா கிடக்குமா?
ஆவியை அனுப்புகிறது;
சூடேறிய காற்றுக்கு மடியும் பெரிது;
அள்ளிக்கொண்டு கரைக்கு வந்து
குளிர்ந்த மலையில் இடறி
உன் முற்றத்தில் கொட்டுகிறது.

எல்லாப் பனியும் அதனால்தானா என்று கேட்காதே.
காற்றுக்கும் தன்பாட்டில் ஒரு புத்தி உண்டு.
இன்னும் சூடேறினால்
இதே ஈரம் மழையாய் விழுந்து
உங்கள் தெருவைக் கண்ணாடி ஆக்கும்.

இவ்வளவையும் தட்டச்சிட்டேன்.
அழித்தேன்.
"படியில உப்புப் போடுங்கோ, கவனம்"
என்று மட்டும் அனுப்பினேன்.

ஜயந்த ஹோன் அடிக்கிறான்.
பாளங்கள் ஏற, லொறியின் பின்னால்
பேலியகொடை வரைக்கும்
ஒரு ஈரக்கோடு நீளும்;
ஏழு மணி வெயிலுக்குள் அதுவும் இராது.

கண்ணாடியைச் சாரித் தலைப்பில் துடைத்து
பேரேட்டைத் திறக்கிறேன்.
கரைந்தது: பதினொன்று.
எங்கே போனது என்று எழுத
இதில் நிரல் இல்லை.