வெற்று லோரியின் எடை

இரண்டு முறை நிறுப்பது என் வேலை.
குலையோடு வரும்போது ஒரு முறை,
கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஒரு முறை.
கழித்தால் மிஞ்சுவதற்குத்தான் ஆலை காசு கொடுக்கும்.
வெற்று லோரியின் எடை தெரியாதவன்
செம்பனையைப் பற்றிப் பேசக் கூடாது.

அந்த வெள்ளிக்கிழமை
லோஷினிக்கு மாலையிலிருந்தே உடம்பு கொதித்தது.
பதினொன்றரைக் கிலோ பிள்ளை.
வயதுக்கு இல்லை, எடைக்குத்தான் மருந்து என்று
கோடு பார்த்து ஊற்றினாள் மலர்க்கொடி.
பாதியைத் துப்பியது.

இரவுச் செய்தி முடிகிற நேரம்
பிள்ளையின் கண் மேலே ஏறியது.
கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன.
உதட்டோரம் நீலம்.

"மணி பாருங்க!"

பிள்ளை போகுது, இவள் மணி கேட்கிறாளே
என்றுதான் முதலில் நினைத்தேன்.
போன மாதம் ஊசி போட்ட அன்று
மிஸ்ஸி ஹஸ்னா எல்லாம் சொல்லியிருந்தாளாம்:
ஒருக்களித்துப் படுக்க வை,
வாயில் எதையும் வைக்காதே,
அமுக்கிப் பிடிக்காதே,
மணி பார்,
ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸைக் கூப்பிடு.
நானும் அங்கேதான் இருந்தேன்.
என் மோட்டாரை மறித்து நின்ற காரையே
பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாமானே வாசலில் திரண்டது.
ஒருவர் கையில் கரண்டி.
பல்லைக் கடிச்சுக்கும்யா, வை, வை.
மலர்க்கொடி பிள்ளைக்கும் கரண்டிக்கும் நடுவில்
முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாள்.
நான் சுவர்க் கடிகாரத்தின் சிவப்பு முள்ளை
விடாமல் பார்த்தேன்.
சும்மா இருப்பது இவ்வளவு கனமென்று
எந்தத் தராசும் எனக்குச் சொன்னதில்லை.

செல்வநாயகி அக்கா ஓடி வந்து
ஓர் இரும்புச் சாவியைப் பிள்ளையின் கையில் திணித்தார்.
பழைய லயத்துச் சாவி.
லயத்தை இடித்துப் பத்து வருடம்,
பூட்டில்லாத சாவி.
திணித்த நொடி
இழுப்பு நின்றது.

"பாத்தியா," என்றார்.
எல்லோரும் பார்த்தோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டது முதலில் அதைத்தான்:
எத்தனை நிமிடம்?
இரண்டு நிமிடம் நாற்பது நொடி, என்றேன்.
நிமிர்ந்து பார்த்தார். அப்படியே எழுதினார்.
மூளைக்கு ஏதாவது, என்று மலர்க்கொடி கேட்டாள்;
வாக்கியத்தை முடிக்கவில்லை.
ஒன்றும் ஆகாதும்மா, காய்ச்சல் இழுப்பு,
பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும்.
மூன்றில் ஒரு பிள்ளைக்குத் திரும்ப வரலாம்.
குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா?

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன்.
நாக்கு முன்பல்லுக்குப் போனது.
அந்தப் பல்லில் ஒரு மூலை இல்லை.
சின்னதில் காய்ச்சல் வந்து விழுந்தாயாம்,
கரண்டி வைத்ததில் உடைந்ததாம்,
உயிர் பிழைத்தாயே என்பார்கள்.
முப்பத்து நான்கு வருடமாக
கரண்டிக்கு நன்றியோடு இருந்திருக்கிறேன்.

மாசி பிறந்ததும் மறுபடி வந்தது.
செல்வநாயகி அக்கா மகள் வீட்டுக்கு
சித்தியவான் போயிருந்தார்.
சாவியும் அவர் கைப்பையில் போயிருந்தது.
மலர்க்கொடி ஒருக்களித்துப் படுக்கவைத்தாள்,
நான் முள்ளைப் பார்த்தேன்,
வாசல் கதவைச் சாத்தியிருந்தோம்.
இரண்டு நிமிடம் பத்து நொடி.
நின்றது.

சாவி இருந்தபோது ஒன்று,
சாவி இல்லாதபோது ஒன்று.
இரண்டு முறை நிறுத்தாயிற்று.
இரண்டு லோரியை வைத்துக் கணக்கை முடிக்க முடியாது,
அதுவும் எனக்குத் தெரியும்.

அக்கா திரும்பி வந்ததும் கேட்டார்:
"சாவியை விட்டுட்டுப் போயிருக்கலாம், இல்ல?"
பிள்ளைக்கென்று
சூடாக நெத்திலி வறுவல் கொண்டுவந்திருந்தார்.

வாங்கிக்கொண்டேன்.
உட்காருங்க அக்கா, என்று நாற்காலியை இழுத்துப் போட்டு,
ஒருக்களித்துப் படுப்பதை
நானே தரையில் படுத்துக் காட்டினேன்.
அவர் சிரித்துவிட்டார்.
லோஷினி ஓடிவந்து
என் முதுகில் ஏறி உட்கார்ந்தது.
பன்னிரண்டு கிலோ இருக்கும்.