இரண்டு மடிப்பு மஞ்சள்

பாலக்கோட்டுக்காரர் விற்கும்போது
நீலத்தைத்தான் பெருமையாகக் காட்டினார்.
சாவியைத் திருகி, மேலே துண்டைப் பிடித்து மறைத்து,
"உள்ள பாருங்க மேடம், ஏரோப்ளேன் மாதிரி இருக்கும்."
பகல் பதினொரு மணி. என்னத்தைப் பார்க்க?
ஏசி ஓடுகிறதா என்று மட்டும் கேட்டேன்.

மாங்காய் சீசன் தொடங்கியதும் தெரிந்தது.
கூழ் ஃபேக்டரியில் எனக்கு இரண்டாம் ஷிஃப்ட்.
நள்ளிரவு தாண்டி கேட்டை விட்டு வந்தால்
அரைக் கிலோமீட்டருக்கு லாரி வரிசை,
தார்ப்பாய்க்கு அடியில் பழம் வியர்த்துக்கொண்டிருக்கும்,
டிரைவர்கள் சக்கரத்தை ஒட்டித் தூங்குவார்கள்.
அதைக் கடந்து பைபாஸ் ஏறினால்
அந்த நீலம்
கண்ணுக்குள் ஐஸ் வைத்ததுபோல.
முன் கண்ணாடியில் ஒன்று, பக்கக் கண்ணாடியில் ஒன்று.
காவேரிப்பட்டணம் திருப்பத்தில்
போலீஸ் வண்டி எது, நான் எது என்று தெரியாமல்
கால் தானாக பிரேக்குக்குப் போகும்.

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஒரு கடையில் கேட்டேன்.
"சிவப்பு இருக்கு, பச்சை இருக்கு,
பாட்டுக்கு ஏத்த மாதிரி மாறுறது இருக்கு.
மஞ்சளா?
அது கம்பெனியிலயே வர்றதாச்சே,
காசு குடுத்து யாரு போடுவாங்க?"

ஞாயிற்றுக்கிழமை நானே பிரித்தேன்.
மாடிவீட்டு நசீமா செல்போன் டார்ச் பிடித்தாள்.
நான்கு ஸ்க்ரூ. பின்னால் ஒரு கேபிள்.
ஒரு முனகலோடு மொத்தமும் மடிக்கு வந்தது.
"இவ்ளோதானா?"
ஆமாம்,
இத்தனை நாள் இருட்டில் என்னை முறைத்தது
பரீட்சை அட்டை அளவுகூட இல்லை.

பல்பு வெறும் வெள்ளை.
நீலம், எண்களுக்கு முதுகில் ஒட்டிய ஒரு தாள்.
அதை உரிக்க முள்ளை எடுக்க வேண்டும்.
இரண்டு டீஸ்பூன் கொடுத்து நெம்பியதில்
முள் எகிறி நசீமாவின் துப்பட்டாவில் குத்தி நின்றது.
"நான் இப்போ நூறுல போறேன்டி" என்றாள்.
டார்ச் வெளிச்சம் ஷெட் கூரையெல்லாம் ஓடியது.

உரித்த தாளின் பசையில்
ஒரு பெரிய கட்டைவிரல் ரேகை.
பாலக்கோட்டுக்காரரும் ஒரு ஞாயிறு
இப்படிக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்.
யார் டார்ச் பிடித்தார்களோ.

நசீமாவின் பையன் சயின்ஸ் எக்ஸிபிஷனுக்கு வாங்கி
மீத்து வைத்த மஞ்சள் கண்ணாடித்தாள் இருந்தது.
ஒரு மடிப்பு வைத்துப் பார்த்தேன்: பெங்களூரா.
வெளிறல். டின்னில் அடைத்தால்
வாங்குகிறவன் திருப்பி அனுப்பும் நிறம்.
இரண்டு மடிப்பு: அல்போன்சா.
எட்டு மணி நேரம் கலர் அட்டையோடு
கூழை ஒப்பிட்டுப் பார்க்கிறவளின் கண் இது.
"பாஸ்" என்றேன், லேபில் சொல்வதுபோலவே.
பெட்ரோல் முள்ளுக்குப் பின்னால் மட்டும்
நகக்கண் அளவு நீலம் வரமாட்டேன் என்றது.
இருந்துவிட்டுப் போகட்டும்.

முள்ளைத் திரும்பச் சொருகும்போதுதான்
சைபர் எது என்று குறித்து வைக்காதது உறைத்தது.
இப்போது எஞ்சினே போடாமல்,
டயருக்கு முன்னால் செங்கல் வைத்து நிற்கும் வண்டி
பதினைந்தில் போகிறது.
"விடியறதுக்குள்ள ஓசூர் போயிடும்" என்று சொல்லிவிட்டு
நசீமா மாடிக்கு ஏறினாள்.
மாட்டி முடித்த பிறகு ஸ்பூன்களோடு
ஒரு ஸ்க்ரூவும் தரையில் மிச்சம் இருந்தது.
எந்த மூலையுடையது என்று தேடப் பொறுமையில்லை.

திங்கள் இரவு
ஸ்டீயரிங்கில் என் விரல்கள்
கூழைக் கழுவாமல் வந்ததுபோல் இருந்தன.
திருப்பத்தில் போலீஸ் வண்டி நின்றது.
போலீஸ் வண்டி என்று தெரிந்தது.

முள்ளை நான் நம்புவதில்லை.
ஸ்க்ரூ இல்லாத அந்த மூலை
கிளம்பியதிலிருந்து டகடகவென்று அடித்துக்கொண்டே வரும்,
அறுபதைத் தொட்டால் நின்றுவிடும்.
சத்தம் நிற்கிற இடத்தில்
காலை எடுத்துவிடுகிறேன்.