நாலாவது கட்டம்

சேரன்மகாதேவி சார் ஆட்சியர் அலுவலகத்தில்
மாடியேறினால் வலது கைப்பக்கம்,
பழைய நில எடுப்புக் கோப்புகளை ஓரங்கட்டிவிட்டு
எங்களுக்கு ஒரு அறை கொடுத்தார்கள்.
வீடியோ பார்வைக் குழு.
நான், முப்பிடாதி சார், ஒரு மின்விசிறி.
அது பேசும். காற்று வராது.

பறக்கும் படை கொண்டுவரும் கார்டைச் செருகு,
காதில் மாட்டு, கேள்.
எவன் எவனை என்ன சொன்னான்.
படிவத்தில் நாலு கட்டம்:
நாள், நேரம், சொல், பொருள்.
"சொல்ல அப்படியே எழுதணும்மா,
புள்ளி வச்சு மழுப்பப்படாது" என்றார் தாசில்தார்.
பொருள், வெளிமாநிலத்திலிருந்து வந்த பார்வையாளருக்கு.
அவருக்குத் தமிழ் தெரியாது.
கொடுத்துவைத்தவர்.

முக்கூடல், இரவு எட்டு நாற்பது:
எதிராளியின் தாயைப் பற்றி ஒரு சொல்.
கை நடுங்க எழுதினேன்.
பத்தமடை, ஒன்பது பத்து:
அதற்கு மறுமொழி. இவர் தாயோடு நிறுத்தவில்லை.
எழுதினேன்.
பத்தாம் நாள் டீ குடித்துக்கொண்டே எழுதினேன்.
பதினைந்தாம் நாள் பிழை திருத்தினேன்:
அந்த வார்த்தைக்குப் பின்னால் வல்லினம் மிகும்.

ஏசத் தெரியாத ஊரில்லை இது.
எங்கள் தெருக் குழாயடியில்
ஆறுமுகக்கனி வாயைத் திறந்தால்
குடங்கள் தாமாக வரிசைக்கு வரும்.
என் அம்மைக்குப் பிரியம் கூடினால்
"சவத்து மூதி, தின்னுட்டுப் போ" என்பாள்.
மேடையில் வைகிறவனுக்கோ கோபமே இல்லை.
தண்ணீர் குடித்துவிட்டு வைகிறான்.
குனிந்து குனிந்து வைகிறான்,
துண்டுச்சீட்டில் யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.
கன்னடியன் கால்வாய் என்ற பெயர்
பதினேழு நாள் பதிவில் இரண்டு தடவை வந்தது.
ஒரு தடவை, எதிராளியை அதில்
தூக்கிப் போடப்போவதாக.

அப்போதுதான் அவளைப் பார்த்தேன்.
முக்கூடல் கூட்டம், மூன்றாவது வரிசை,
கத்தரிப்பூ நிறச் சேலை, மடியில் ஒரு பையன்.
அந்தச் சொல் வரும்போது
சுற்றிலும் சிரிக்கிறார்கள்,
அவள் பையனின் இரண்டு காதையும் பொத்துகிறாள்.
பின்னால் ஓட்டிப் பார்த்தேன்.
சொல்லுக்கு அரை விநாடி முன்பே
கை எழும்பிவிடுகிறது.

மறுநாள் வீரவநல்லூர், மற்றக் கட்சி.
அதே சேலை, அதே பையன்,
தலையில் வேறு நிறத் தொப்பி.
அதே கைகள்.
"முந்நூறு ரூவாயும் பிரியாணியும்.
போன தடவ எரநூறு.
அந்த மட்டுக்கு முன்னேத்தம்தான்"
என்றார் முப்பிடாதி சார்.
அவர் வோட்டுப் போட்டு ரெண்டு தேர்தல் ஆகிறதாம்.
"ரெண்டு பேரும் ஒருத்தரப் பத்தி ஒருத்தர் சொல்லுததெல்லாம்
நெசம்னு வைங்க,
பெறவு யாருக்குப் போட?"

அதன்பிறகு நான் பேச்சைக் கேட்கவில்லை.
ஒலியை அடைத்துவிட்டு
அவள் கை எழும்பும் நேரத்தை மட்டும் குறித்தேன்.
பிறகு கேட்டுச் சரிபார்த்தால்
ஒன்றுகூடத் தப்பவில்லை.
டிவிக்காரர்கள் அந்த இடங்களில்
பீப் போட்டார்கள்.
நீளச் சொல்லுக்கு நீளமாக.

வாக்குப்பதிவு அன்று
எனக்கு முக்கூடலில் ஒரு நடுநிலைப்பள்ளி,
மை வைக்கும் வேலை.
பதினொன்றரைக்கு அவள் வந்தாள்.
பேர் சண்முகவடிவு. அன்றைக்குத்தான் தெரியும்.
பீடித்தூள் ஏறிப் பழுத்த நகம்.
மையை இழுத்துவிட்டு
"பையன் எங்க?" என்று கேட்டுவிட்டேன்.
ஒருமாதிரி பார்த்தாள்.
அவளுக்கு என்னைத் தெரியாதே.

அட்டை மறைப்புக்குப் பின்னால் போனாள்.
நின்றாள்.
நின்றுகொண்டே இருந்தாள்.
ரெண்டு ஏஜெண்டுகளும் கழுத்தை நீட்டினார்கள்.
பிறகு
மேசைப் பெட்டியிலிருந்து
பீப்,
நீளமாக, வகுப்பறை முழுக்க.

அதற்கு அடியில் என்ன சொல் கிடந்ததோ
எனக்குத் தெரியாது.
சாயங்காலம் பார்வையாளர் வந்தார்.
எல்லாம் அமைதியாக நடந்ததா என்று கேட்டார்.
ஆமாம் சார் என்று சொல்லிவிட்டேன்.