ஜனவரிக் கை

பிக்கோ தீவில், ஜனவரி மூன்றாம் தேதி
கடல் என் அப்பாவை எடுத்துக்கொண்டது.
பங்குச் சாமியார் பெலார்மினோவின் கை
இன்னும் டிசம்பரிலேயே இருந்தது.
பழைய ஆண்டையே எழுதிற்று,
ஒற்றுத்தாள் வைத்து அழுத்தவும் செய்தது.

நான் பிறந்தது ஜூலையில்.
ஊர் விரல்விட்டு எண்ணியது:
பதினெட்டு மாதம்.
எந்த வயிறும் அவ்வளவு சுமக்காது.

ஏட்டின்படி
செத்த பிறகுதான் அப்பா
கூரைக்கு ஓடு மாற்றினார்,
கத்திக் கத்தி விலைபேசி ஒரு வெள்ளாடு வாங்கினார்,
அத்திப்பழம் தின்று வயிற்றுவலியில் புரண்டார்,
அக்டோபரில், மழை விடாத ஓர் இரவு,
அம்மாவின் பக்கம் திரும்பிப் படுத்தார்.

அம்மா ஆட்டு ரசீதை நீட்டினாள்:
செப்டம்பர். அவருடைய கோணல் கையெழுத்து.
"செத்தவன் போட்டது செல்லாது"
என்றார் குமாஸ்தா, கண்ணாடியைத் துடைத்தபடி.

அப்புறம் அவள் யாரிடமும் வாதாடவில்லை.
ஆட்டை மட்டும்
எந்தப் பஞ்சத்திலும் விற்கவில்லை.

எனக்கு அப்படியே அவர் மூக்கு.
புறம் பேசியவர்களும் அதை ஒப்புக்கொண்டார்கள்.
ஏட்டைத் திருத்தத்தான்
ஒருவருக்கும் கை வரவில்லை.