கழட்டிப் பூட்டுதல்

முழங்காவில் பஸ்ஸின் கூரையில்
இரண்டு வெங்காயச் சாக்குகளுக்கு நடுவே
அது வந்தது.
யப்பான் சாமான். எண்பத்தோராம் ஆண்டு
கப்பலில் வேலை செய்த ஆரோ கோயிலுக்குக் கொடுத்தது.
முப்பத்தேழு கட்டை, அதில் நாலு உடைசல்.
"சத்தம் வருது பிள்ளை, நிக்குதில்லை"
என்றார் சூசைமுத்தர்.

பரந்தன் சந்தியில் என் கடை.
முன்பக்கம் போன் கவர்கள்,
பின்பக்கம் ஈயப் புகை.

மூடியைத் திறந்தேன்.
பவர் சப்ளையின் மூலையில் குளவி ஒன்று
மண் குழைத்து மூன்று அறை கட்டியிருந்தது.
பக்கப் பலகைகளை
எனக்கு முதலே கறையான் வாசித்து முடித்திருந்தது.
கட்டைகளின் கீழிருந்த பஞ்சு உருகித் தாராகி
விரலில் ஒட்டி மூன்று நாள் போகவில்லை.

குளவிக் கூட்டைப் பெயர்க்கையில்
திருப்புளி தானாகவே சரிந்தது
முப்பது பாகைக்கு.
பழக்கம்.
ஏழு வருசம் முகமாலையில்
முழங்காலில் நின்று மண்ணைப் பக்கவாட்டில் சுரண்டியவள்.
மேலிருந்து குத்தக்கூடாது,
எதையும்.

அங்கே கையில் பிடித்த கருவிக்குள்ளும்
இப்படித்தான் ஒரு ஒசிலேற்றர்
தன்பாட்டில் பாடிக்கொண்டிருக்கும்.
இரும்பு கிட்ட வந்தால் சுருதி அசையும்.
ஆணிக்கும் அதுக்கும் ஒரே குரல்.
அதனால் ஒவ்வொரு ஆணியையும்
அதுவென்றே நினைத்துத் தோண்டினோம்.
நான் எடுத்த ஆணிகளில்
ஒரு ஊருக்கே கதவு அடிக்கலாம்.

இதில் ஒசிலேற்றர் இரண்டு.
மத்தியானம் தகரம் கொதிக்க
இரண்டும் இரண்டு திசைக்குக் கோபித்துப் போகும்.
இரவு ஒன்பதுக்குப் பிறகுதான் சுருதி பார்த்தேன்,
விசிறியையும் நிறுத்தி.
வாய்க்கால் தவளைகளை நிறுத்த முடியவில்லை.

முதலாவது சொன்ன இடத்தில் நின்றது.
இரண்டாவதின் திருகு எல்லையில் முட்டியும்
நூற்றுக்கு ஒன்று கீழே.
பலகையைப் புரட்டினால்
கம்பனி வைக்காத ஒன்று அங்கே:
ரேடியோவில் பிடுங்கின கப்பாசிற்றர்,
முதுகோடு கட்டிய இன்னொரு குட்டி,
சைக்கிள் டைனமோக் கம்பி,
மேலே மெழுகு.
பற்றரிக்கும் தடை இருந்த காலத்து வேலை.
ஈயம் இல்லாமல் முறுக்கிய கம்பியில்
ஆரோ ஒருவரின் பல் தடம்.

பிழை பிழைதான்.
கழட்டிப் பால்மாப் பேணிக்குள் போட்டேன்.
கொழும்பிலிருந்து புதுசு, தபாற்செலவோடு இருநூற்றைம்பது.
இரண்டு குரலும் ஒன்றாகி
ஒரே நேர்கோடு.
அன்றிரவு நல்லாய்ச் சாப்பிட்டேன்.

சூசைமுத்தர் ஒரு கட்டையை அமத்தினார்.
நெடுநேரம் அமத்தினார்.
"செத்துப்போச்சே, பிள்ளை."
மீற்றரைக் காட்டினேன்.
அவர் பார்க்கவில்லை. மேசையில் விரலால் தட்டினார்:
"முந்தி உள்ளுக்க ஒரு துடிப்பு இருந்தது,
நொடிக்கு நாலு.
எங்கட ஆக்கள் அதைப் பிடிச்சுத்தான் இழுத்துப் பாடுறவை.
இல்லாட்டி ஆராதனை
அரைமணித்தியாலம் முன்னுக்கு முடிஞ்சிடும்."

எரிச்சல் வந்தது.
அருகருகே இரண்டு சுருதி உரசினால்
அடி ஒன்று பிறக்கும்,
எனக்கா தெரியாது?
அந்த அடி மாறுகிறதா என்று காது கொடுத்துத்தான்
ஏழு வருசமும்
பின்னேரம் வீட்டுக்குப் போனேன்.

பேணியைத் தேடி எடுத்தேன்.
டைனமோக் கம்பி கையில் முறிந்தது.
இப்போது ஆரிடம் டைனமோ?
சார்ஜர் வயர் ஒன்றை வெட்டினேன்.
கட்டர் மேசையில்தான் கிடந்தது,
ஏனோ பல்லால் உரித்தேன்.
அம்மானுக்கு எரித்த மெழுகுதிரி மிச்சத்தை
சூசைமுத்தரே சட்டைப்பையிலிருந்து தந்தார்.

அமத்தினார். ஊ... ஊ... ஊ... ஊ.
வாய் திறந்தபடி தலையாட்டினார்.

பில் எழுதினேன்.
கழட்டினது ஐந்நூறு.
திரும்பப் பூட்டினது ஐந்நூறு.
இரண்டில் ஒன்றைக் குறைக்கலாமோ என்றார்.
ஏலாது என்றேன்.
குளவிக் கூட்டை இடித்ததுக்கு
ஒன்றும் போடவில்லை.