சோதனைக் கைபேசி

திபிலீசி, ஏழாவது மாடி.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் கேலாவும்
ஆறிப்போன காப்பியும்.
அந்தப் பக்கம் ஷோரேனா.
ரொட்டி அடுப்பில் பதினெட்டு வருடம் வெந்த விரல்கள்;
அவள் தொட்டதைத் திரை
தொடுகையாகவே எடுத்துக்கொள்ளவில்லை.
கடைசியில் விரல் முட்டியால் தட்டினாள்,
கதவைத் தட்டுகிற மாதிரி. திறந்தது.

கொடுத்த வேலை:
நூற்றைம்பதுக்குள் ஒரு கறுப்புக் கோட்டு.
அவள் போய் நின்றது மஞ்சளில்.
"கறுப்பில் மாவு தெரியுமே."
படத்தை விரித்தாள், இன்னும் விரித்தாள்,
துணி கட்டம் கட்டமாய் உடையும்வரை.
"இந்தப் பொத்தான் துளை நிஜமா,
சும்மா மேல்தையலா?"
நீளம், துவைக்கும் சூடு, மாடலின் உயரம்
எல்லாம் எழுதிவைத்திருந்தோம்.
துளையைப் பற்றி ஒரு வரி இல்லை.

பையைத் தொடவில்லை.
இதயத்தை அழுத்தினாள். சிவந்தது.
"குழம்பிவிட்டாள், குறியை மாற்றணும்" என்றான் கேலா.
ஒலிவாங்கியில் கேட்டேன்.
"என்ன குழப்பம்?
இதயத்தில் போட்டால் காசு கேட்காது."

அறிக்கை: வேலை மூன்று, தோல்வி.
கையெழுத்திட்டு, சன்மானத்தை எண்ணிப் பார்த்து
லிஃப்டில் இறங்கிப் போனாள்.

பிப்ரவரி.
மேசை இழுப்பறைக்குள் ஏதோ துடிக்கிறது.
சோதனைக் கைபேசி. நானே எழுதிய வாசகம்:
'உங்கள் மனதுக்குப் பிடித்தது விலை குறைந்திருக்கிறது.
இன்னும் ஒன்றே ஒன்று.'

அவள் எண் எங்களிடம் இல்லை,
விதிப்படி அன்று மாலையே அழித்துவிட்டோம்.
படத்தை விரிக்கிறேன், இன்னும் விரிக்கிறேன்.
துளை நிஜமா என்று
எனக்கும் தெரியவில்லை.